வலது கையில் ஒரு பொத்தான்

"கையைத் தாரும், தீபன்."

"மோதிரத்துக்கா டாக்டர், விலங்குக்கா?" என்று கேட்டுக்கொண்டே தீபன் வலது கையை மேசைமேல் நீட்டினான்.

எதிரே உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் தினேஸ்வரி சிரிக்கவில்லை. ஈப்போவின் அந்தத் தனியார் மருத்துவக் கல்லூரிக்குள், உடற்கூறு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்ததிலிருந்தே அவள் முகம் இறுகியிருந்தது. சுவர் நெடுகப் பிளாஸ்டிக் கைகளும் கால்களும் தொங்கின. சன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்று மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது.

டாக்டர் சுபாஷினி இளையதம்பி அங்கே கை கால்களின் இயக்கத்தைக் கற்பிப்பவர். எந்தத் தசை எதை இழுக்கிறது, எந்த மூட்டு எவ்வளவு திரும்பும், ஒருவன் ஏன் இப்படி நடக்கிறான் என்பதுதான் அவர் பாடம். முகமே தெரியாத ஒரு கேமராப் பதிவில் நடையை மட்டும் பார்த்து ஒரு நகைக்கடைத் திருடனை அடையாளம் காட்டிய பிறகு, போலீஸார் அவ்வப்போது அவரைத் தேடி வந்தார்கள். தீபன் ஒரு காலத்தில் ஆம்புலன்ஸில் வேலை செய்தவன். இப்போது ஆய்வுக்கூட உதவியாளன், அவருடைய காரோட்டி, கேட்காமலே கருத்துச் சொல்பவன்.

சுபாஷினி அவன் முன்கையைப் பிடித்துத் தூக்கினார். "செத்த கையா விடும். விரலை நீர் அசைக்கக் கூடாது."

மணிக்கட்டு தொங்கியது. விரல்கள் தளர்ந்து விரிந்தன. அவர் மணிக்கட்டை மெல்லப் பின்னுக்குச் சாய்த்தார். விரல்கள் தாமாகவே உள்நோக்கி மடங்கின. கட்டைவிரல் வந்து ஆள்காட்டி விரலின் ஓரத்தில் ஒட்டியது. இரண்டுக்கும் நடுவே ஒரு பேனாவைச் செருகினார். அது நின்றது.

"நான் மடக்கலையே," என்றான் தீபன், தன் கையையே சந்தேகமாகப் பார்த்து.

"நீர் மடக்கேல்லை. விரலை மடக்குற தசை இங்க, முன்கையில இருக்கு. அங்கயிருந்து தசைநாண் கயிறு மாதிரி மணிக்கட்டைத் தாண்டி விரல் நுனிக்குப் போகுது. மணிக்கட்டைப் பின்னுக்குத் தூக்கினால் கயிறு எட்டாது. அப்ப விரல் மடங்கித்தான் ஆகவேணும்." இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினார். "கழுத்து முறிஞ்சவங்களில சிலருக்கு விரல் போயிடும், மணிக்கட்டைத் தூக்குற பலம் மட்டும் மிஞ்சும். அதை வச்சே கோப்பையைப் பிடிக்கலாம், கரண்டியைப் பிடிக்கலாம். மறுவாழ்வு வார்டில இதைத்தான் மாசக்கணக்கில பழக்குவினம்."

"சட்டையைப் பிடிச்சு இழுக்க முடியுமா டாக்டர்?"

"முடியும்."

தினேஸ்வரி நாற்காலியில் சாய்ந்தாள். "அப்போ முடிஞ்சிச்சு லா."

வழக்கு இதுதான். பீடோருக்குப் பக்கத்தில் ஒன்பதாங்கட்டைத் தோட்டம். ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்ப் பனையான செம்பனை நட்டு வெகு காலமாகிவிட்டது. இப்போது செம்பனையையும் வெட்டிவிட்டு ஒரு கம்பெனி வீடுகள் கட்டப் போகிறது. தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் மிச்சமிருந்த இரண்டே வீடுகளில் ஒன்று பத்துமலையுடையது. செம்பனைக் குலை ஏற்றிய லோரி கவிழ்ந்து கழுத்து முறிந்து, வருஷக்கணக்காகப் படுக்கையில் கிடந்தவன் அவன். போன வாரம் ஒரு மத்தியானம் யாரோ தலையணையால் அவன் முகத்தை அமுக்கிக் கொன்றிருந்தார்கள். பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவன் மனைவி சரளா, முச்சந்திக் கடைக்குப் போய்த் திரும்பியபோது பிணமாகத்தான் பார்த்ததாகச் சொன்னாள். பிணத்தின் மூடிய கைக்குள் ஒரு நீலப் பொத்தான் இருந்தது. அது சரளாவின் வேலைச் சட்டையில் இருந்து அறுந்த பொத்தான்.

"முதல்ல நானே நம்பலை," என்றாள் தினேஸ்வரி. "விளங்காத கை எப்படிப் பொத்தானைப் பிடிக்கும்? யாரோ வச்சிருக்காங்கன்னுதான் நினைச்சேன். அப்புறம் அவரு தம்பி ராஜு இதைக் கொண்டாந்து காட்டினான்."

கைப்பேசியை நீட்டினாள். மருத்துவமனை வார்டு. சக்கர நாற்காலியில் பத்துமலை. வலது மணிக்கட்டைப் பின்னுக்குத் தூக்கி, ஒரு பிளாஸ்டிக் கோப்பையைப் பிடித்து, வாய்வரை கொண்டுபோகிறான். படம் எடுப்பவனின் குரல் கேட்கிறது: "இன்னொரு தடவைண்ணே." பத்துமலை சிரிக்கிறான்.

"நீங்க கேட்டா கொண்டுவந்தவர்?" என்றார் சுபாஷினி.

"இல்லை, அவனாத்தான். வார்டுல ராத்திரி பகலா கூட இருந்தவன் அவன்தானாம்." தினேஸ்வரி எழுந்தாள். "ரிமாண்டு நாளையோட முடியுது டாக்டர். கொலைக்கேசு போட்டா தூக்கு, இல்லைன்னா முப்பது நாப்பது வருஷம். அந்தக் கையால பிடிக்க முடியும்னு நீங்க ஒரு அறிக்கை குடுத்தாப் போதும்."

"தாறேன்," என்றார் சுபாஷினி. "அந்தக் கட்டிலைப் பார்த்த பிறகு."

பீடோர் போகும் வழியெல்லாம் மழை. தீபன் கண்ணாடித் துடைப்பானின் வேகத்தைக் கூட்டினான்.

"டாக்டர், நம்மள ஒரு பொம்பளைக்குத் தூக்குக் கயிறு திரிக்கக் கூப்பிட்டிருக்காங்க. எனக்குத் திரிச்சுப் பழக்கம் இல்லை."

"கயிறு யாற்ற கழுத்துக்குப் போகுதெண்டு பாப்பம். ரோட்டைப் பாரும்."

லயத்தில் ஆறு வாசல்கள். நான்கின் கூரைத் தகரங்களைக் கம்பெனிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே லாலாங் புல் ஆளுயரத்துக்கு முளைத்திருந்தது. தினேஸ்வரி முன்னால் வந்து கதவைத் திறந்து வைத்திருந்தாள். வாசலில் கட்டியிருந்த கொடிக்கயிற்றில் யாரும் எடுக்காத துணிகள் மழையில் ஊறித் தொங்கின.

அறை சிறியது. கட்டில் சுவரோடு ஒட்டிப் போடப்பட்டிருந்தது. மல்லாந்து படுப்பவனுக்கு வலது கை சுவர்ப் பக்கம், இடது கை அறைப் பக்கம்.

"தீபன், படும்."

"செத்தவர் கட்டில்லயா?"

"ஆம்புலன்ஸில எத்தனை பேரைத் தூக்கினனீர்?"

"தூக்கினேன் டாக்டர். அவங்க இடத்துல படுக்கலை." ஆனாலும் படுத்தான்.

"உமக்குத் தோள் அசையும். முழங்கை மடங்கும். மணிக்கட்டு பின்னுக்குப் போகும். முழங்கையை நீட்டித் தள்ளுற தசை செத்துப்போச்சு. விரலும் இல்லை. நெஞ்சுக்குக் கீழ ஒண்டுமே இல்லை." சுபாஷினி ஒரு துணிப்பையை மடித்து அவன் முகத்துக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். தீபனின் இரண்டு கைகளும் அதை உதறித் தள்ள எழும்பின.

"தள்ளாதீர்."

"தள்ளாம எப்படி?"

"அதுதான். பத்துமலையால யாரையும் தள்ள ஏலாது. இழுக்கத்தான் ஏலும்."

தினேஸ்வரி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ர சட்டையைப் பிடியும்."

தீபன் சட்டென்று அவர் சட்டையின் கைப்பகுதியைப் பிடித்தான். பிடித்த பிறகுதான் கவனித்தான். இடது கை.

"இதுதானே டாக்டர் பக்கத்துல இருக்கு."

"வலதால பிடியும்."

அவன் வலது கையைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுவந்து, துணிப்பைக்குக் கீழாக நுழைத்து நீட்ட வேண்டியிருந்தது. விரல் நுனிதான் பட்டது.

"மூச்சு முட்டுற மனுஷன், பக்கத்தில இருக்கிற கையை விட்டுட்டு ஏன் அந்தக் கையைக் கொண்டுவாறான்?" என்றார் சுபாஷினி. "பொத்தான் வலது கையிலதானே இருந்தது?"

"வலது கைதான். போட்டோவுல இருக்கு," என்றாள் தினேஸ்வரி. "ஆனா பழகின கை அதுதானே? வீடியோவுல பார்த்தோமே."

தீபன் எழுந்து உட்கார்ந்தான். கட்டிலைச் சுற்றிப் பார்த்தான். இடது பக்கம் ஓர் உயரமான மேசை. அதன்மேல் அகலக் கைப்பிடி வைத்த கோப்பை, ரப்பர் வளையம் மாட்டிய டிவி ரிமோட், கைப்பேசியைச் செருகிவைக்கும் தாங்கி. எல்லாமே இடது கைக்கு எட்டும் இடத்தில். கோப்பையின் கைப்பிடியில் பெருவிரல் படும் இடம் மழுங்கிப் பளபளத்தது.

"வீடியோவுல வலதுகைக்காரரு. வீட்டுல இடதுகைக்காரரா? நான் அரைமணி நேரத்துல கட்சி மாறுவேன் டாக்டர், கை மாற மாட்டேன்." குனிந்து சுவர்ப் பக்கம் பார்த்தான். "இந்தப் பக்கம் ஒரு நல்லெண்ணெய்ப் போத்தல்தான் கிடக்கு."

"அது என்னோடது," என்றது வாசலில் ஒரு குரல்.

பக்கத்து வீட்டு முத்தம்மா. ஐம்பது வயதுக்குமேல் இருக்கும். கொய்யாத் தோட்டத்தில் காய்களுக்குப் பை கட்டும் வேலை. இடுப்பில் இன்னும் பிளாஸ்டிக் பைக் கட்டுச் செருகியிருந்தது. அதற்கு முன்னால் இதே தோட்டத்தில் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவள்.

"அவனுக்குக் கை தேய்ச்சு விடுவேன்மா," என்றாள். "பாவம், விரலு ரெண்டு கையிலயும் கோழிக்கால் மாதிரி சுருண்டு கிடக்கும். பார்க்கச் சகிக்காது. போன தீபாவளிக்கு முன்ன ஆரம்பிச்சேன். தினம் வேலை விட்டு வந்து, எண்ணெய் போட்டு, மணிக்கட்டைத் தூக்கிப் பிடிச்சு, விரலை ஒண்ணொண்ணா நீட்டி நீவி விடுவேன்."

சுபாஷினி அவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "எந்தக் கைக்கு?"

"வலது கை. சோறு திங்கிற கையாச்சே, அதை முதல்ல சரி பண்ணிருவோம்னு. அப்புறம் இடது கைக்கு வாரேன்னேன். அதை மட்டும் தொட விடலை. 'இது போதும் முத்தம்மாக்கா'ன்னு சொல்லிட்டான்."

"வலது கை சரியாச்சா?"

"ஆச்சும்மா. கொஞ்ச மாசத்துல விரலு அஞ்சும் நேரா வந்திருச்சு. முன்ன இருந்த மாதிரியே அழகா." அவள் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. உடனே அணைந்தது. "சரளா பண்ணியிருக்க மாட்டாம்மா. அந்தப் புள்ள அவனைக் குளிப்பாட்டுறதை நீங்க பார்க்கணும்."

சுபாஷினி தலையசைத்தார். காருக்குப் போகும்வரை தீபன் பொறுத்திருந்தான்.

"டாக்டர், விரல் நேராயிட்டா நல்லதுதானே? உங்க முகம் ஏன் அப்படிப் போச்சு?"

"கயிறு எட்டாததால மடங்குதெண்டு சொன்னனான். அந்தக் கயிறு கட்டையா இருந்தால்தான் பிடி இருக்கும். அதனாலதான் வார்டில அந்த விரல்களை நீட்டி விடவே கூடாதெண்டு சொல்லுவினம். முத்தம்மா தினமும் இழுத்திருக்கிறா. மரம் வெட்டின கை. கயிறு நீண்டுபோச்சு."

"அப்போ?"

"மணிக்கட்டை எவ்வளவு தூக்கினாலும் விரல் மடங்காது. அந்த வலது கையால ஒரு பொத்தானைப் பிடிக்கவே ஏலாது."

தீபன் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான். "பிரியத்துல பண்ணிருக்காங்க டாக்டர்."

"ஓம்," என்றார் சுபாஷினி.

காவல் நிலையத்தில் சரளாவைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மெலிந்த பெண். ஊதா நிற லாக்கப் உடை தோளில் நிற்காமல் சரிந்தது. அழுது தீர்ந்துபோன கண்கள்.

"சரளா, உங்கட கணவர் எந்தக் கையால தண்ணி குடிப்பவர்?"

"இடது கை."

"முன்ன வலதாலதானே குடிச்சவர்?"

அவள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "வலது கை பிடி விட்டுப்போச்சுங்க. முத்தம்மாக்கா நீவி விட்டதுல. இவருக்கு ஆரம்பத்துலயே புரிஞ்சுபோச்சு. நான் அக்காகிட்டச் சொல்லப் போனேன். விடலை. 'அவங்ககிட்ட வாயைத் திறக்கக் கூடாது, சத்தியம் பண்ணு'ன்னாரு. அப்புறம் எல்லாத்தையும் இடது பக்கமா மாத்தி வச்சோம். அதுக்கே தனியாப் பழகினாரு."

"இதை ஏன் நீ முதல்லயே சொல்லலை?" தினேஸ்வரியின் குரல் தேவையைவிட உரக்க வந்தது.

"நீங்க கையால பிடிக்க முடியுமான்னு கேட்டீங்க. முடியும்னேன். எந்தக் கைன்னு கேக்கலையே. பொத்தான் எந்தக் கையில இருந்துச்சுன்னும் எனக்கு யாரும் சொல்லலை."

தினேஸ்வரி தன் முன்னால் கிடந்த பேனாவை எடுத்தாள், வைத்தாள்.

சரளாவைத் திரும்ப உள்ளே அழைத்துப் போன பிறகு மூவரும் எதிர்க்கடையில் கோப்பி குடித்தார்கள். குடித்ததைவிட ஆறவிட்டதுதான் அதிகம்.

"கம்பெனி ஆளுதான்," என்றான் தீபன். "லயம் காலியானா புல்டோசர் விடலாம்."

"அதுல விஷயம் இருக்கு," என்றாள் தினேஸ்வரி. "மாத்து வீடு குடுக்காம வெளியேத்தக் கூடாதுன்னு கேசு நடக்குது. போட்டது பத்துமலை. மனுவுல அவருக்கு அடுத்த பேரு தம்பி ராஜு. முத்தம்மா தனியாளா நின்னு ஒண்ணும் பண்ண முடியாது."

"கம்பெனி ஆளுக்குப் பத்துமலையிட கை ரெண்டும் செத்த கை," என்றார் சுபாஷினி. "ஊருக்கே அப்படித்தான். முத்தம்மாவுக்கும் அப்படித்தான். செத்த கைக்குள்ள யாரும் சாட்சியை ஒளிச்சு வைக்க மாட்டினம். வச்சவனுக்கு அந்தக் கை பிடிக்குமெண்டு நிச்சயமாத் தெரியும்."

"பிடிக்கும்னு தெரிஞ்சது சரளாவுக்கும் ராஜுவுக்கும்தான்." தினேஸ்வரி தலையாட்டினாள். "ஆனா டாக்டர், ராஜு ஒரு வருஷத்துக்கு மேலா அந்தப் பக்கமே வரலை. தஞ்சோங் மாலிம்ல இருக்கான். முதல் நாளே சொன்னான். நானும் விசாரிச்சேன். முத்தம்மா, கடைக்காரன் எல்லாரும் அதையேதான் சொன்னாங்க."

"அவர் வரேல்லை எண்டதை நானும் நம்புறன்," என்றார் சுபாஷினி. "நாளைக்குக் காலமை அவரைக் கூப்பிடுங்கோ. வீடியோவைப் பற்றி ஒரு விளக்கம் வேணுமெண்டு சொல்லுங்கோ."

ராஜு சொன்ன நேரத்துக்கு வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும். அண்ணனின் சாயல் அப்படியே இருந்தது, குறிப்பாகச் சிரிக்கும்போது. மொட்டையடித்த தலையில் லேசாக முடி முளைத்திருந்தது. கொள்ளி வைத்தவன் அவன்தான்.

"இவங்க டாக்டர். கோர்ட்டுக்கு அறிக்கை குடுக்கப் போறாங்க," என்றாள் தினேஸ்வரி.

"நல்லதுங்க டாக்டர். எங்கண்ணனுக்கு நியாயம் கிடைக்கணும்."

தீபன் ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தான்.

"அண்ணன் எப்படிப் பிடிப்பவரெண்டு காட்டுவீரா?" என்றார் சுபாஷினி.

ராஜு தயங்காமல் வலது மணிக்கட்டைத் தூக்கினான். விரல்களை அசைக்காமல், கோப்பையை அவற்றின் வளைவுக்குள் வாங்கி, வாய்வரை கொண்டுபோனான். கைதேர்ந்த நடிப்பு. பக்கத்திலிருந்து பல தடவை பார்த்தவனால்தான் அது முடியும்.

"இடது கை?"

"அது சும்மா ஒத்தாசைக்குத்தான் டாக்டர். வலதுதான் அண்ணனுக்கு நல்ல கை. நான்தானே பக்கத்துல உக்காந்து பழக்கினேன். முதல் தடவை பிடிச்சப்ப வார்டே கைதட்டிச்சு."

"கடைசியா எப்ப அவரைப் பார்த்தனீர்?"

"போன வருஷம் தைப்பூசம். அதோட சரி. வேலை லா டாக்டர், லீவு கிடைக்காது. போன்ல பேசுவான், நல்லாருக்கேன்னு சொல்லுவான்."

"கையைப் பற்றி ஏதும் சொன்னவரா?"

"இல்லை. ஏன்?"

சுபாஷினி கோப்பையை எடுத்து மேசையின் மறுபக்கம் வைத்தார்.

"அந்த வலது கை பல மாசமா வேலை செய்யிறதில்லை, ராஜு. பக்கத்து வீட்டில ஒருத்தர் அன்பா நீவி விட்டு விட்டே அந்தப் பிடி போயிட்டுது. ஒரு உறிஞ்சுகுழாயைக்கூட அதால பிடிக்க ஏலாது. அவர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சரளாவுக்கு மட்டும் தெரியும்."

ராஜு கோப்பை போன பக்கத்தைப் பார்த்தான்.

"பொத்தானை வச்ச ஆளுக்கு, அந்தக் கை பிடிக்குமெண்டு தெரிஞ்சிருக்கு. பிடி போனது தெரியேல்லை. வீட்டில இருந்தவளா இருந்தால் தெரிஞ்சிருக்கும். அடிக்கடி வந்து போறவரா இருந்தாலும், அவர் இடது கையால சாப்பிடுறதைப் பார்த்திருப்பார். ஒரு வருஷமா வராத ஆளுக்குத்தான் தெரியாது." அவர் குரல் உயரவில்லை. "நீர் வரேல்லை எண்டு எல்லாரிட்டயும் சொன்னனீர். நாங்கள் அதை நம்பினம்."

வெளியே ஒரு லோரி பின்வாங்கும் ஒலி கேட்டது. ராஜு தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு யாரும் சொல்லலையே," என்றான்.

தீபன் சுவரில் சாய்ந்தபடி, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டான். "சொல்லியிருந்தா இடது கையில வச்சிருப்பியா, மச்சான்?"

ராஜு தலையாட்டினான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அப்புறம்தான் நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தான். தினேஸ்வரி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

அதற்குப் பிறகு அவன் மறைக்கவில்லை. மோட்டார் சைக்கிளைச் செம்பனைக்குள் நிறுத்திவிட்டு நடந்து வந்தான். சரளா கடைக்குப் போகும்வரை கூரையில்லாத வீட்டுக்குள் நின்றான். பொத்தான், கொடிக்கயிற்றில் காய்ந்த சட்டையிலிருந்து எடுத்தது; உயிர் போன பிறகு அதை உள்ளங்கையில் வைத்து விரல்களை அவனே மடக்கி மூடினான். வழக்கை வாபஸ் வாங்கினால் புது வீடுகளில் ஒன்று அவன் பெயருக்கு வரும் என்று ஒருவன் ஆசை காட்டியிருந்தான். அண்ணன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான். அண்ணி வெளியே இருந்தால் அவளும் மறுப்பாள்.

"அவன் வாழ்ந்தது ஒரு வாழ்க்கையா?" என்றான் ராஜு. இப்போது அழுதான். "நீங்க பார்த்ததில்லை. ஆய் போகக்கூட ஆளு வேணும். நான் அவனுக்கு விடுதலை குடுத்தேன்."

"சரி," என்றான் தீபன். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "விடுதலை குடுக்கிறவன் அண்ணி சட்டையில பொத்தானை எதுக்கு அறுத்தே?"

ராஜு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"அவன் என்னைப் பார்த்துச் சிரிச்சான்," என்றான் தலை நிமிராமல். "நான் உள்ள போனதும், 'வாடா'ன்னான்."

அன்று மத்தியானத்துக்குமேல் சரளாவை விட்டார்கள். ஆசை காட்டியவன் யார் என்று தேட தினேஸ்வரி இரண்டு ஆட்களை அனுப்பினாள். கிளம்பும் முன் சுபாஷினியை ஓரமாக அழைத்தாள்.

"ராஜு நாளைக்கு வக்கீலைப் பார்த்துட்டு எல்லாத்தையும் மறுப்பான். அந்தக் கையில பிடி இல்லைன்னு கோர்ட்டுல நிக்கணும். சரளா சொன்னா, பொண்டாட்டி சொல்றான்னு தள்ளிருவாங்க. முத்தம்மா சொல்லணும், அவங்க என்ன பண்ணினாங்கன்னு." குரலைத் தாழ்த்தினாள். "நான் ஆளை அனுப்பிச் சொல்லட்டா?"

"வேண்டாம். நான் போறன்."

மழை விட்டிருந்தது. முத்தம்மா கொய்யாத் தோட்டத்தில், வரிசையின் கடைசி மரத்தடியில் நின்று காய்க்குப் பை கட்டிக்கொண்டிருந்தாள். சரளா வெளியே வந்துவிட்ட செய்தியைக் கேட்டதும் இரண்டு கைகளையும் கூப்பினாள். ராஜுவின் பெயரைச் சொன்னதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவனைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தவள்.

சுபாஷினியும் அவள் எதிரே ஈர மண்ணில் உட்கார்ந்தார். மற்றதையும் சொன்னார். எதையும் மெழுகவில்லை. தசைநாண், மடங்கிய விரல்கள், வார்டில் கற்றுக்கொண்ட பிடி, அது எப்படிப் போனது என்பது வரை.

முத்தம்மா தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்போ அவன் கையை நான்தான் கெடுத்தேன்."

"ஓம்."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்சும் உங்களைத் தொடர்ந்து நீவ விட்டவர்."

"ஏம்மா?" அவள் குரல் உடைந்தது. "அந்தக் கையை வச்சுத் தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தான்னு எனக்குத் தெரியாதே. ஒரு வார்த்தை, வேணாம்க்கான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேனே."

தீபன் சற்றுத் தள்ளி நின்றான். அவன் பக்கம் பார்க்காமல் சுபாஷினி முத்தம்மாவின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கத்தி பிடித்துக் காய்த்த உள்ளங்கை.

"அவருக்கு எந்த இடத்தில அடிபட்டதெண்டு எனக்குத் தெரியும். அப்படி அடிபட்டவங்களுக்கு மற்ற விரல்களில உணர்ச்சி இருக்காது. வெட்டினாலும் தெரியாது. நெஞ்சிலயும் இல்லை, வயித்திலயும் இல்லை, காலிலயும் இல்லை." அவர் அவளுடைய கட்டைவிரலைப் பிடித்தார். "இங்க மட்டும் இருக்கும். இந்தக் கட்டைவிரலில. நீங்கள் வந்து பிடிச்சது ஒவ்வொரு நாளும் அவருக்குத் தெரிஞ்சிருக்கும்."

முத்தம்மா தன் கையை விடுவித்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். இடுப்பில் செருகியிருந்த பைக் கட்டை உருவி, பக்கத்துக் கிளையில் மாட்டினாள்.

"கோர்ட்டுல இதை எல்லாத்தையும் சொல்லணுமா?"

"நீங்கள் செய்ததைச் சொன்னாப் போதும்."

"சொல்றேன்," என்று எழுந்தாள். "இப்பவே போலாம். நாளைக்குன்னா எனக்குத் தைரியம் வராது."

தீபன் ஓடிப் போய்க் காரின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவள் ஏறி உட்கார்ந்தாள். கார் பீடோரை நோக்கிக் கிளம்பியது. கண்ணாடியில் தீபன் ஒரே ஒரு முறை பின்னால் பார்த்தான். முத்தம்மா வெளியே செம்பனைகளைப் பார்த்தபடி, தன் இடது கையால் வலது கட்டைவிரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.